பிராக் நகரின் ஓர்லோய்: ஒரு கோபுரக் கடிகாரத்தைப் பஞ்சாங்கம் போலப் படிக்கும் முறை

செக் நாட்டுத் தலைநகரான பிராக்கில், பழைய நகர மண்டபத்தின் தெற்குச் சுவருக்கு முன்னால், ஒவ்வொரு மணி அடிப்பதற்கும் ஐந்து நிமிடம் இருக்கையில் பெருங்கூட்டம் சேர்ந்துவிடும். கைப்பேசிகள் உயரும், எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சாளரங்கள் திறந்து இயேசுவின் சீடர்கள் வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள், பொன்னிறச் சேவல் ஒன்று கூவும், மணி அடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். “இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்” என்ற முகத்துடன் பலர் கலைந்து போவார்கள். அவர்களுடைய ஏமாற்றம் நியாயமானதுதான், ஏனென்றால் அவர்கள் பார்த்தது பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட அலங்காரத்தை மட்டுமே. கடிகாரத்தை அவர்கள் பார்க்கவில்லை.

ஓர்லோய் என்று செக் மக்கள் அழைக்கும் இந்த வானியல் கடிகாரத்தின் பெருமை அதன் முகப்பில் இருக்கிறது. அந்த முகப்பு மணி அடிக்கும் வரை காத்திருப்பதில்லை. சூரியன் எங்கே, நிலவு எங்கே, எந்த ராசி கீழ்வானில் எழுகிறது, சூரியன் மறைந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதையெல்லாம் நாள் முழுவதும் காட்டிக்கொண்டே இருக்கிறது. இன்றைய ஐரோப்பியப் பயணிகளில் பலருக்கு அது புரியாத சித்திரம். ஆனால் வீட்டில் பஞ்சாங்கம் புரட்டிப் பழகிய தமிழருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரிந்த விஷயம். ராசிச் சக்கரமும் ஓரையும் கிரேக்க வானியல் மரபிலிருந்து மேற்கே ஐரோப்பாவுக்கும் கிழக்கே இந்தியாவுக்கும் பயணப்பட்டவை. நாம் சொல்லும் ‘ஓரை’ என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்ததுதான். ஆகவே இந்தக் கடிகாரத்தைப் படிக்க நமக்குத் தேவைப்படுவது கால் மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் மட்டுமே.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

பழைய நகரத்துக்குத் தனி மண்டபம் வைத்துக்கொள்ளும் உரிமையை 1338இல் லக்சம்பர்க் வம்சத்து மன்னர் யான் வழங்கினார். அதன் கோபுரம் 1364இல் எழுந்தது. ஏறத்தாழ எழுபது மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் 1410இல் கடிகாரம் பொருத்தப்பட்டது. இயந்திரத்தைச் செய்தவர் காடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர். வானியல் கணக்கைத் தந்தவர் பிராக் பல்கலைக்கழகத்தின் கணித, வானியல் அறிஞர் யான் ஷிண்டெல் என்று கருதப்படுகிறது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கோபர்னிக்கஸ் எழுதிய நூல் 1543இல்தான் வெளிவந்தது. அதற்கு 133 ஆண்டுகள் முன்பே ஓடத் தொடங்கிய இந்தக் கடிகாரத்தில் பூமி நடுவில் அசையாமல் இருக்க, மற்றவையெல்லாம் அதைச் சுற்றி வருகின்றன. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களுள் இதுவே மிகப் பழையது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

வழிகாட்டிகள் இந்த உண்மையை விட்டுவிட்டு வேறொரு கதையைச் சொல்வதையே விரும்புவார்கள். ஹனுஷ் என்ற கடிகார மேதை இதைச் செய்து முடித்ததும், வேறொரு நகரத்துக்கு இதுபோல் இன்னொன்றைச் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று நகர மன்றத்தார் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அவருடைய கண்களைக் குருடாக்கினார்கள் என்றும், அவர் தட்டுத் தடுமாறி வந்து இயந்திரத்துக்குள் கையை விட்டு அதை நிறுத்திவிட்டார் என்றும் கதை போகிறது. பெருங்கோயிலோ கோட்டையோ கட்டிய சிற்பியின் கையை வெட்டியதாக நம் ஊர்களிலும் கதைகள் உண்டல்லவா, அதே குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஹனுஷ் என்று அழைக்கப்பட்ட யான் ரூஜெ உண்மையில் வாழ்ந்தவர். ஆனால் அவர் 1490 வாக்கில் கடிகாரத்தைச் செப்பனிட்டவரே தவிர, செய்தவர் அல்லர். பதினாறாம் நூற்றாண்டில் நெடுங்காலம் இதைப் பராமரித்த யான் தாபோர்ஸ்கி, 1570இல் எழுதிய விரிவான குறிப்பில் ஹனுஷையே படைப்பாளி என்று எழுதிவிட்டார். 1410ஆம் ஆண்டு அக்டோபர் 9 தேதியிட்ட பழைய ஆவணம் ஒன்று இருபதாம் நூற்றாண்டில் கவனத்துக்கு வந்த பிறகே மிக்குலாஷின் பெயருக்கு உரிய இடம் கிடைத்தது.

இடையில் கடிகாரம் பலமுறை நின்று போயிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவனிப்பாரற்றுக் கிடந்து, பழைய இரும்பாகக் கழித்துவிடலாம் என்ற நிலைக்கே வந்துவிட்டது. 1865, 1866ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய சீரமைப்பில் ரோமுவால்ட் போஜெக் செய்த துல்லியமான காலமானி ஒன்று பொருத்தப்பட்டது. ஓவியர் யோசெஃப் மானெஸ் புதிய நாள்காட்டித் தட்டை வரைந்தார். 1945 மே மாதம், போர் முடியும் தறுவாயில், நகரில் எழுந்த கிளர்ச்சியை அடக்க ஜெர்மானியப் படை சுட்டதில் நகர மண்டபம் தீப்பிடித்தது. மரத்தால் ஆன சீடர் உருவங்கள் எரிந்துபோயின. இன்று சாளரத்தில் நாம் காணும் சீடர்கள் அதன் பிறகு சிற்பி வொய்டியெக் சுகார்டா செதுக்கியவர்கள். 1948இல் கடிகாரம் மீண்டும் ஓடியது. அப்போது சேர்த்த மின் இயக்கத்தை 2018இல் நடந்த சீரமைப்பில் அகற்றிவிட்டு, 1860களின் பழைய இயந்திர முறைக்கே திரும்பினார்கள்.

நிற்கும் இடமும் திசையும்

கடிகாரத்தின் அடியில் போய் நிற்க வேண்டாம். அங்கிருந்து கழுத்து வலிக்குமே தவிர முகப்பின் எழுத்துகள் தெரியா. எதிர்ப்புறக் கட்டடங்களின் ஓரமாகப் பின்வாங்கி நின்றால், மேலுள்ள வானியல் முகப்பு, கீழுள்ள நாள்காட்டித் தட்டு, சாளரங்கள் மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். சிறிய தொலைநோக்கி இருந்தால் கொண்டு செல்லுங்கள். இல்லையென்றால் கைப்பேசியில் முகப்பைப் படமெடுத்து, அருகிலுள்ள மேசை ஒன்றில் அமர்ந்து பெரிதாக்கிப் படிப்பது இன்னும் வசதி. மணி அடித்துக் கூட்டம் கலைந்த பத்தாவது நிமிடம் இதற்குச் சிறந்த நேரம்.

அடுத்து, பலரைக் குழப்பும் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முகப்பில் சூரியன் இடப்பக்கம் எழுந்து வலப்பக்கம் மறைகிறது. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்து நிற்கும்போது நாம் வடக்கு நோக்கி நிற்கிறோம்; உண்மையான கிழக்கு நம் வலக்கைப் பக்கம் இருக்கிறது. கடிகாரம் தவறாகிவிட்டதா? இல்லை. முதுகைக் கடிகாரத்துக்குக் காட்டித் தெற்கு நோக்கித் திரும்பி நில்லுங்கள். இப்போது கிழக்கு இடப்பக்கம், மேற்கு வலப்பக்கம், நண்பகல் சூரியன் நேர் எதிரே உயரத்தில். கடிகாரம் தன் சுவரிலிருந்து தெற்கே பார்க்கும் வானத்தைத்தான் முகத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஒருமுறை இப்படித் திரும்பிப் பார்த்துவிட்டால், பிறகு முகப்பில் இருப்பது சித்திரமாகத் தெரியாது, வானத்தின் வரைபடமாகவே தெரியும்.

முகப்பைப் படிக்கும் வரிசை

முதலில் அசையாத பின்னணியைப் பாருங்கள். நடுவிலுள்ள நீல வட்டம் பூமி. அதற்கு மேலே விரிந்திருக்கும் பெரிய நீலப் பரப்பு பகல் வானம். இரு பக்கமும் செம்மை படர்ந்த பகுதிகள் விடியலும் அந்தியும். இடப்புறத்தில் விடியலையும் உதயத்தையும், வலப்புறத்தில் மறைவையும் அந்தி மங்கலையும் இலத்தீன் சொற்கள் குறிக்கின்றன. அடியில் உள்ள கறுப்பு வட்டம் இரவு. நீலத்துக்கும் செம்மைக்கும் இடையே உள்ள வளைகோடுதான் தொடுவானம். இதை மனத்தில் பதித்துக்கொள்வது அவசியம், பின்னால் லக்னம் பார்க்கும்போது இந்தக் கோடுதான் வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக, பொற்கை முனையுள்ள நீண்ட முள்ளைத் தேடுங்கள். அந்த முள்ளில்தான் பொன்னிறச் சூரியன் மாட்டப்பட்டிருக்கிறது. இது நம் கைக்கடிகாரம் போல நாளுக்கு இரண்டு முறை சுற்றாமல், 24 மணி நேரத்துக்கு ஒருமுறையே சுற்றும். உச்சியில் நண்பகல், அடியில் நள்ளிரவு. நீலப் பரப்பின் விளிம்பில் இருமுறை வரும் ரோமன் எண்களில் அந்தப் பொற்கை சுட்டுவது இன்றைய மணி. கோடைக்காலத்தில் போனால் உங்கள் கைப்பேசியைவிட அது ஒரு மணி பின்தங்கியிருப்பதாகத் தோன்றும். நாடு முழுவதும் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் கோடை நேரத்துக்கு ரோமன் எண் வட்டம் வளைந்து கொடுப்பதில்லை. சூரியன் ஏறத்தாழத் தெற்கே உச்சிக்கு வரும் நேரத்தைத்தான் அது நண்பகல் என்று ஒப்புக்கொள்கிறது.

சூரியன் அந்த முள்ளின் மேல் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கோடையில் அது முள்ளின் வெளிமுனை நோக்கி நகர்ந்து, நீலப் பரப்பில் நெடுநேரம் பயணம் செய்யும். குளிர்காலத்தில் மையத்தை நோக்கி ஒடுங்கி, சீக்கிரமே செம்மைக்குள் இறங்கிவிடும். பகல் நீள்வதும் குறுகுவதும் இந்த ஒரே நகர்வில் அடங்கிவிடுகிறது. கோடையின் மிக நீண்ட நாளையொட்டிச் சூரியன் நள்ளிரவில்கூட அடியிலுள்ள கறுப்பு வட்டத்துக்குள் விழுவதில்லை. ஐம்பது பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கும் பிராக்கில் ஜூன் மாத இரவு வானம் முழுமையாக இருண்டு போவதும் இல்லை.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள கறுப்பு வளையம். அதில் 1 முதல் 24 வரை பழைய எழுத்து வடிவில் பொன் எண்கள் இருக்கின்றன. இடைக்கால ஐரோப்பிய வடிவம் ஆதலால் 4, 7 போன்றவை இன்றைய உருவத்தில் இல்லை, எண்ணிப் பார்த்தே அடையாளம் காண வேண்டும். இது பழைய செக் நேரம். நாம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம். அவர்கள் சூரிய அஸ்தமனத்திலிருந்து மணி எண்ணினார்கள். நம்முடைய உதயாதி நாழிகைக்கு இணையாக அதை ‘அஸ்தமனாதி மணி’ என்று சொல்லிக்கொள்ளலாம். அஸ்தமன நேரம் நாளுக்கு நாள் மாறுவதால், 24 என்ற எண் எப்போதும் அன்றைய அஸ்தமனத்துக்கு நேராக நிற்கும்படி இந்த வளையமே ஆண்டு முழுவதும் மெல்ல முன்னும் பின்னும் ஊசலாடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். டிசம்பர் இறுதியில் பிராக்கில் மாலை நான்கு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்த்தால், அஸ்தமனமாகிப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். பொற்கை வெளிவளையத்தில் 18ஐச் சுட்டும். ஜூன் இறுதியிலோ, கோடை நேரப்படி இரவு ஒன்பதேகால் மணி வரை சூரியன் இருக்கும். மறுநாள் காலை பத்து மணிக்கு அதே பொற்கை 12ஐத் தாண்டி 13ஐ நெருங்கிக்கொண்டிருக்கும். இந்த முறையில் ஒரு வசதி உண்டு. இருட்டுவதற்கு இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை 24இலிருந்து கழித்து உடனே சொல்லிவிடலாம். மின்விளக்கு இல்லாத காலத்தில் வயலில் இருந்தவருக்கும் நகரக் கதவு மூடுவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டியவருக்கும் அதுதானே தேவை!

நான்காவது, நீலப் பரப்பைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் பொன் வளைகோடுகள். இவை உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலைப் பன்னிரண்டு சமப் பங்காக்குகின்றன. சூரியன் எந்த இரண்டு கோடுகளுக்கு இடையில் இருக்கிறது என்று பார்த்தால் அந்தப் பங்கின் எண் கிடைக்கும். இவைதான் ஓரைகள். பகல் நீளும்போது ஓரையும் நீளும். பிராக்கில் ஜூன் மாதத்து ஓரை ஒன்றுக்கு ஏறத்தாழ 82 நிமிடம், டிசம்பரில் ஏறத்தாழ 40 நிமிடம். சென்னையில் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால், ஓரையை ஒரு மணி என்று வைத்துக்கொண்டு நாம் சமாளித்துவிட முடிகிறது; அங்கே அப்படிச் செய்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். ராகு காலத்தைப் பகலின் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள், இந்த வளைகோடுகளைப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும்படி விளங்குகிறது. அன்றைய கிழமையைத் தெரிந்துகொண்டால், ஞாயிறு என்றால் முதல் ஓரை சூரியன், அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று எண்ணிக்கொண்டே போய், அந்த நொடியில் நடப்பது எந்த ஓரை என்று சொல்லிவிடலாம். இடைக்கால ஐரோப்பிய சோதிடர்களும் இதே வரிசையைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஐந்தாவது, மையத்திலிருந்து விலகிச் சுழலும் ராசி வளையம். பன்னிரண்டு ராசிகளின் குறிகளும் அதில் இடஞ்சுழியாக வரிசையாக இருக்கின்றன. சூரியன் எந்தக் குறியின் மேல் நிற்கிறதோ அது சூரியன் இருக்கும் ராசி. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. மேற்கத்திய முறையில் வசந்த சமநாளான மார்ச் 20, 21 வாக்கில் மேஷம் தொடங்கிவிடும். நமக்குச் சித்திரை முதல் தேதியான ஏப்ரல் 14 வாக்கில்தான். இடைவெளி இப்போது ஏறத்தாழ 24 பாகை, அதாவது அயனாம்சம். முகப்பில் காண்பதிலிருந்து 24 பாகையைக் கழித்துக்கொண்டால் நம் பஞ்சாங்கத்தோடு பொருந்தும். அதே வளையம் இடப்புறத் தொடுவானக் கோட்டை வெட்டும் இடம்தான் அந்த நேரத்து லக்னம். அதையும் இதே கழித்தலோடு படித்துக்கொள்ளலாம். ஒரு பொதுச் சதுக்கத்தில், சுவரில், லக்னம் நகர்வதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் உலகில் அதிகம் இல்லை. என் கணிப்பில், சீடர்களின் அணிவகுப்பைவிட இதற்காகவே அங்கு போகலாம்.

ஆறாவது, நிலவு. தனி முள்ளில், பாதி வெள்ளியும் பாதி கறுப்புமான ஓர் உருண்டை. சூரியனோடு அது ஒன்றுசேர்ந்தால் அமாவாசை, நேர் எதிரே நின்றால் பௌர்ணமி. முட்கள் சுழலும் திசையில் சூரியனுக்குப் பின்னால் நிலவு வந்துகொண்டிருந்தால் வளர்பிறை. முன்னால் போனால் தேய்பிறை. ராசி வளையத்தில் இரண்டுக்கும் இடையே எத்தனை ராசி என்று எண்ணி, ராசிக்கு இரண்டரையாகப் பெருக்கினால் ஏறத்தாழத் திதி வந்துவிடும். ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம், வானத்து நிலவு சில நாள் விரைந்தும் சில நாள் தளர்ந்தும் ஓட, பற்சக்கரத்து நிலவு என்றும் ஒரே வேகத்தில் ஓடுவதுதான். நம் கணக்கர்கள் மத்திமம் என்றும் ஸ்புடம் என்றும் பிரித்துச் சொன்ன அதே வேறுபாடு இது. பிறை வளர்வதைக் காட்ட அந்த உருண்டை தன்னைத்தானே திருப்பிக்கொள்வதற்குக் கம்பிகளோ வெளிச் சக்கரங்களோ இல்லை. உருண்டைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு எடை, முள் சுற்றும்போது கீழ்நோக்கியே தொங்க முயல்வதால், உள்ளேயுள்ள பற்களை நகர்த்துகிறது. இதைக் கண்டுபிடித்தவரின் கைக்கு எந்தக் கதையும் கட்டப்படவில்லை என்பது எனக்கு வருத்தமே.

ராசி வளையத்தோடு சேர்ந்து சுற்றும் சிறு நட்சத்திரம் ஒன்றும் உண்டு. அது வானியலாளர்களுக்கான நட்சத்திர நேரத்தைக் காட்டுவது. பயணி அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கடந்து போகலாம்.

இவ்வளவையும் இயக்குவது மூன்று பெரிய பற்சக்கரங்கள். ராசி வளையத்துக்கு 365 பற்கள், சூரியனுக்கு 366, நிலவுக்கு 379. மூன்றையும் ஒரே அச்சிலுள்ள, இருபத்து நான்கு பற்களுடைய சிறு சக்கரங்கள் தள்ளுகின்றன. ஒரு பல் கூடுதலாக இருப்பதால் சூரியன் ராசி வளையத்தைவிடச் சற்றே மெதுவாகச் சுற்றி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை பின்தங்கி, ஓராண்டில் பன்னிரண்டு ராசிகளையும் கடந்து முடிக்கிறது. ஒரே ஒரு பல்லில் ஓராண்டை அடக்கிய கணக்கு அது.

நாள்காட்டித் தட்டும் பொம்மைகளும்

கீழுள்ள பொன்னிறத் தட்டு நாளுக்கு ஒரு படி நகர்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும். உச்சியிலுள்ள குறிமுள் காட்டுவது அன்றைய நாள். நடுவில் பழைய நகரத்தின் சின்னம், சுற்றிலும் ராசிகள், அவற்றுக்கு வெளியே உழவு, விதைப்பு, அறுவடை என்று பன்னிரண்டு மாதத்து நாட்டுப்புற வாழ்க்கைக் காட்சிகள். மானெஸ் வரைந்த மூலம் பிராக் நகர அருங்காட்சியகத்துக்கு உரியது. சுவரில் இருப்பது நகல். 2018இல் மாட்டப்பட்ட புதிய நகலில் முகங்களும் உடைகளும் மூலத்திலிருந்து மாறிவிட்டன என்று 2022இல் பெரிய சர்ச்சை எழுந்தது. மூலத்தின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

மணி அடிக்கும் காட்சி காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை, மணிக்கொரு முறை. அதைப் பார்க்காமல் வர வேண்டியதில்லை. ஆனால் சாளரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி போய்விடும். முகப்பின் இருபுறமும் நான்கு உருவங்கள் நிற்கின்றன. கண்ணாடி பார்ப்பவர் தற்பெருமை, பணப்பையைப் பிடித்திருப்பவர் கஞ்சத்தனம், தலைப்பாகையுடன் இருப்பவர் துருக்கியர், எலும்புக்கூடு சாவு. சாவு கயிற்றை இழுத்து, மணற்கடிகையைத் திருப்பித் தலையசைத்து அழைக்க, மற்ற மூவரும் வர மாட்டோம் என்று தலையாட்டுகிறார்கள். உண்மையான நாடகம் இதுதான். துருக்கியர் உருவம் ஒட்டோமானியப் படையெடுப்பைக் கண்டு நடுங்கிய காலத்தின் மிச்சம். கஞ்சரின் உருவம் போருக்கு முன்பு வரை யூத வட்டிக்காரரின் கேலி உருவமாகவே இருந்தது, அதன் பிறகே மாற்றப்பட்டது. அழகான கடிகாரம் ஒரு சமுதாயத்தின் வெறுப்புகளையும் சேர்த்தே சுமந்து வந்திருக்கிறது. கீழே நாள்காட்டிக்கு இருபுறமும் நிற்கும் தத்துவஞானி, தேவதூதர் மிக்கேல், வானியலாளர், வரலாற்றெழுத்தாளர் ஆகிய நால்வரும் அசைவதில்லை. எனவே இரண்டு முறை பார்ப்பது நல்லது: முதல் முறை சாளரத்தை, இரண்டாம் முறை எலும்புக்கூட்டை.

உள்ளே போவதும் மேலே ஏறுவதும்

நகர மண்டபத்துக்குள் நுழைவுச்சீட்டு உண்டு. பழைய கூடங்கள், நிலவறைகள், 1381இல் நேர்ந்தளிக்கப்பட்ட சிற்றாலயம், கோபுரம் ஆகியவை பார்வைக்குத் திறந்திருக்கின்றன. சிற்றாலயத்துக்குள் சரியாக மணி அடிக்கும் நேரத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள். சீடர்கள் சுழலும் அமைப்பை அங்கிருந்து உட்புறமாக, மிக அருகில் பார்க்கலாம். வெளியே நூற்றுக்கணக்கானோர் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே சிலர் மட்டும் சீடர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோபுரத்தில் மின்தூக்கி இருப்பதால் முதியவர்களும் ஏற முடியும். மேலே பார்வைமாடம் குறுகலானது. கூட்ட நேரத்தில் எதிரே வருபவருக்கு வழிவிட்டு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். மாலை வெயிலில் ஏறினால் தீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் ஒளிரும். மறுபக்கம் ஆற்றுக்கு அப்பால் அரண்மனைக் குன்று தெரியும்.

சுரங்க ரயிலில் வருவோர் பச்சைத் தடத்தில் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் சதுக்கம் வந்துவிடும். பாதையெல்லாம் கருங்கல் பாவியது, தட்டையான காலணி அணியுங்கள். நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் செலாவணி யூரோ அல்ல, கொரூனா. சதுக்கத்தைச் சுற்றியுள்ள பணமாற்றுக் கடைகளில் பலகையில் உள்ள விகிதத்தை நம்பாமல், கையில் எவ்வளவு தருவார்கள் என்று கேட்ட பிறகே நோட்டை நீட்டுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். மணி அடிக்கும் அந்த ஒரு நிமிடம் எல்லாருடைய கண்ணும் மேலே இருக்கும், பிக்பாக்கெட்காரரின் கண் மட்டும் கீழே இருக்கும். பையை முன்பக்கம் போட்டுக்கொள்வது நல்லது.

சதுக்கத்தில் விட்டுவிடக் கூடாதவை

கோபுரத்தின் கிழக்குப் பக்கத் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிராக எழுந்து, 1620இல் வெண்மலைப் போரில் தோற்ற பிறகு, 1621 ஜூன் 21 அன்று இதே சதுக்கத்தில் கொல்லப்பட்ட பொஹீமியத் தலைவர்கள் 27 பேரின் நினைவு அது. பயணிகள் அறியாமல் அவற்றை மிதித்துக்கொண்டுதான் கடிகாரத்தைப் படமெடுக்கிறார்கள். எதிரே தீன் தேவாலயத்துக்குள், வெறுங்கண்ணால் வானத்தை அளந்தவர்களுள் தலைசிறந்தவரான டைகோ பிராஹேயின் கல்லறை இருக்கிறது. 1601இல் பிராக்கில் இறந்தார். அவருடைய அளவுகளைக் கொண்டுதான் இதே நகரில் இருந்த கெப்ளர், கோள்கள் நீள்வட்டத்தில் ஓடுகின்றன என்று 1609இல் வெளியிட்டார். பூமியை நடுவில் வைத்த கடிகாரமும், அதை நடுவிலிருந்து அகற்றுவதற்கு வேண்டிய அளவுகளை எடுத்தவரின் கல்லறையும், ஓரிரு நிமிடம் நடக்கும் தொலைவில் எதிரெதிரே இருக்கின்றன.

கடைசியாக, சதுக்கத்தின் நடுவில், கல்பாவிய தரையில் பதித்த நீண்ட உலோகக் கோட்டைத் தேடிப் பிடியுங்கள். அது பிராக்கின் தீர்க்கரேகை. 1650இல் அருகே நிறுவப்பட்ட மரியன்னைத் தூணின் நிழல் அந்தக் கோட்டில் விழும் கணத்தை வைத்து நகரத்தின் நண்பகலை அறிந்தார்கள். தூண் 1918இல் கூட்டத்தாரால் வீழ்த்தப்பட்டு, 2020இல் அதே இடத்தில் புதிதாக நிறுத்தப்பட்டது. வெயில் உள்ள நாளில் நண்பகலுக்குச் சற்று முன்பே போய் நின்றால் நிழல் கோட்டை நோக்கி நகர்வதைப் பார்க்கலாம். கைக்கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அது வந்து சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்: சூரியன் தெற்கே உச்சிக்கு வரும் நேரம் பிப்ரவரி நடுவில் 12.16 வரை தள்ளிப் போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.46க்கே வந்துவிடும், கோடை நேரம் நடைமுறையில் இருக்கும் மாதங்களில் பிற்பகல் ஒரு மணியை ஒட்டி வரும்.